செம்பனைப் பூத்தூளும் தோட்டத்து மூச்சும்

மத்தியதரைக் கடலோர நாடுகளில் ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் பலர் கைக்குட்டையும் கையுமாகவே திரிவார்கள். ஒலிவ மரம் பூக்கும் காலம் அது. ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம் என்று ஒலிவத் தோப்புகள் உள்ள இடமெங்கும் ஜூன் மாதம் வரை காற்றில் மகரந்தம் மிதக்கும். கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், சிலருக்கு மூச்சு இழுக்கும். அது ஓயும் முன்பே பூஞ்சை வித்துகள் தொடங்கிவிடும். எந்த மாதத்தில் எந்த மரம், எந்தப் புல், எந்தப் பூஞ்சை என்று அந்நாட்டு மருத்துவர்கள் மகரந்த நாட்காட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள். நோயாளியும் அதைப் பார்த்து, வாரத்திற்கு முன்பே மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வார்.

கோலசிலாங்கூரிலும் கடல் உண்டு, காற்று உண்டு. ஆனால் வசந்தம் கிடையாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் ஏதோ ஒன்று பூத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால்தானோ என்னவோ, மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை என்றால் அது குளிர்நாட்டு வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம் இங்கே வேரூன்றிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் பனி என்பார்கள், மழை என்பார்கள், “அவனுக்குக் குளிர்ந்த உடம்பு” என்பார்கள். பூவைக் குறை சொன்னவர்கள் குறைவு.

ஆனால் இந்த வட்டாரத்தின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மகரந்தம் காற்றில் தானாக வந்து மூக்கில் ஏறிய ஊர் அல்ல இது. மகரந்தத்தைக் கையால் உதிர்த்து, சலித்து, உலர்த்தி, மாவோடு கலந்து, ஊதித் தூவிய தோட்டங்கள் இங்கே உருவானவை. அந்த வேலையைச் செய்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்.

ஏழைக்கு வராத நோயா?

மகரந்த ஒவ்வாமை என்ற நோய் மருத்துவ நூலில் ஏறிய கதையைச் சற்றுப் பார்ப்போம். 1819ஆம் ஆண்டு லண்டனில் ஜான் போஸ்டாக் என்ற மருத்துவர், கோடைதோறும் கண்ணிலும் நெஞ்சிலும் தமக்கே வந்துகொண்டிருந்த தொல்லையை மருத்துவர் சபையில் விவரித்தார். 1828இல் இன்னும் சிலரது நிலையையும் சேகரித்து வெளியிட்டார். அதில் அவர் குறித்த செய்திதான் சுவையானது. நோயாளிகள் எல்லோருமே நடுத்தர வகுப்பினர் அல்லது மேல்தட்டினர்; ஏழைகளிடையே ஐயத்திற்கிடமில்லாத ஒரு நோயாளியைக்கூட அவர் கேள்விப்படவில்லை!

1873இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்லி, புல்லின் மகரந்தமே இதற்குக் காரணம் என்பதைத் தம் உடம்பிலேயே சோதித்து நிறுவினார். அவருக்கும் அதே புதிர். வயலில் நாள் முழுக்க மகரந்தத்தின் நடுவில் நிற்கும் உழவனுக்கு வராமல், படித்தவருக்கும் நகரத்தாருக்கும் ஏன் வருகிறது? 1906இல் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே ‘அலர்ஜி’ என்ற சொல்லையே உருவாக்கினார். பூ நோயாக்கவில்லை, உடம்பின் எதிர்ப்பாற்றல் தவறான எதிரியோடு போர் தொடுக்கிறது என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

உழவனுக்கு வராததற்கு உண்மையான காரணமும் இருக்கலாம். நிறைய அண்ணன் தம்பிகளோடு பிறந்த பிள்ளைகளுக்கு மகரந்தக் காய்ச்சல் குறைவு என்று 1989இல் டேவிட் ஸ்டிராக்கன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். மாடு, மண், கூட்டம் இவற்றோடு வளரும் பிள்ளையின் உடம்பு சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கொதித்தெழுவதில்லை என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. அப்படிப் பார்த்தால் எட்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் படுத்துறங்கிய லயத்து வீடுகளுக்கும் அந்தக் காவல் ஓரளவு இருந்திருக்க வேண்டும். ஆனால் போஸ்டாக் காலத்தில் இன்னொரு எளிய காரணமும் உண்டு. தும்மலுக்காக மருத்துவரைத் தேடிப் போக ஏழைக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை. கணக்கில் வராதவனுக்கு நோய் இல்லை என்று எழுதிவிடுவது எளிது. இந்த இரண்டாவது காரணத்தை மறக்காமல் வைத்துக்கொண்டு தோட்டத்திற்கு வருவோம்.

தென்னைமரத்தில் செம்பனை

ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் ரப்பர் மோகத்தில் 1905இல் மலாயா வந்தவர். கோலசிலாங்கூர் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசும் பெற்றார். ஆனால் இந்த நாட்டின் பொருளாதார வரலாற்றில் அவர் பெயர் நிற்பது நாவலுக்காக அல்ல. பெல்ஜியரான அட்ரியன் ஹாலே சுமத்ராவில் செம்பனை வளர்த்து வந்தார்; அவர் மூலம் கிடைத்த விதைகளை ஃபோக்கோனியே முதலில் அழகுக்காக நட்டார். பிறகு 1917இல், சரிவராமல் போன காப்பிச் செடிகளின் இடத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே ஒரு தோட்டத்தில் வணிகத்துக்காகவே செம்பனையைப் பயிரிட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான்.

அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆம், தமிழ்ப் பெயரேதான்! ஆங்கில ஆவணங்களிலும் அப்படியே பதிவான பெயர். தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில்தான் நாட்டின் முதல் செம்பனைத் தொழில் தொடங்கியது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டாலும் தோட்டத்துப் பெயர் மாறவில்லை.

செம்பனை ஆப்பிரிக்க மரம். ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலைகளாக வரும். ஆனால் ஒரே நேரத்தில் வராது. சில மாதங்கள் ஆண் பாளையாகவே வரும், பிறகு சில மாதங்கள் பெண் பாளையாகவே வரும். ஆகவே ஒரு மரத்தின் பெண் பூவுக்கு இன்னொரு மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும். இளமரங்கள் நிறைந்த புதுத்தோட்டத்திலோ பெண் பாளைகளே மிகுதி, மகரந்தத்திற்குப் பஞ்சம். காற்று கொண்டுவந்து சேர்த்துவிடும் என்றுதான் தோட்டத் துரைமார்கள் நெடுங்காலம் நம்பினார்கள். காற்று அந்த அளவுக்கு உழைக்கவில்லை. குலைகள் பாதி காயாகவும் பாதி பொக்காகவும் வந்தன.

அப்படியானால் என்ன செய்வது? மகரந்தம் சேர்க்க ஆளை அனுப்பினார்கள்.

பூ ஊதும் வேலை

மலர்ந்த ஆண் பாளைகளை வெட்டி எடுத்து, பையில் போட்டு உலுக்கினால் வெளிர்மஞ்சள் தூள் உதிரும். அதைச் சலித்து, ஈரம் போக உலர்த்தி, கெடாமல் இருக்கக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். மகரந்தம் விலையேறப்பெற்ற சரக்கு. அதை அப்படியே கொட்டிவிட முடியுமா? முகப்பவுடர் செய்யப் பயன்படும் டால்க் மாவோடு கலந்து பெருக்குவார்கள். அந்தக் கலவையை ஊதுகுழாய் பொருத்திய சிறு கருவியில் அடைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் நிரை நிரையாக மரங்களைப் பார்த்துக்கொண்டே போவார்கள். பெண் பாளை மகரந்தத்தை ஏற்கும் பக்குவம் இரண்டு மூன்று நாளைக்குத்தான். ஆகவே அதே நிரைக்கு மூன்று நாளுக்கு ஒரு முறையாவது திரும்ப வந்தாக வேண்டும். மட்டையை விலக்கி, முள்ளுக்குள் முகத்தைக் கொண்டுபோய்ப் பாளை மலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு ஊது ஊத வேண்டும். பிறகு அடுத்த மரம்.

மலர்ந்த செம்பனைப் பாளையின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அதன் வாசம் தெரியும். சோம்பு வாசம் அடிக்கும். பூச்சிகளை அழைக்க மரம் விடும் அழைப்பு அது. மலாயாவில் அந்த அழைப்பைக் கேட்டு வர ஆப்பிரிக்கப் பூச்சி இல்லாததால், பூச்சியின் வேலையை மனிதர்கள் பார்த்தார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல.

இந்த வேலையில் பெண்களும் இருந்தார்கள். பால்வெட்டைப் போல விடியலில் மூன்று மணிக்கு எழ வேண்டியதில்லை, மருந்தடிப்பதைப் போல முதுகில் தோம்பு சுமக்க வேண்டியதில்லை என்பதால் பார்வைக்கு இலேசான வேலை. ஆனால் முகத்துக்கு நேரே நுண்ணிய தூளைப் பறக்கவிடும் வேலை. மகரந்தம் ஒன்று, டால்க் மாவு மற்றொன்று. இரண்டுமே நெஞ்சுக்கு இதமானவை அல்ல. காற்று எதிர்த்து வீசினால் ஊதியது ஊதியவர் முகத்துக்கே திரும்பும். மத்தியதரைக் கடலோரத்தில் ஒருவர் ஒரு பருவம் முழுக்கச் சுவாசிக்கும் மகரந்தத்தோடு ஒப்பிட்டால், கையில் மகரந்தப் பொடியையே ஏந்தி நின்றவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். வசந்தம் இல்லாத நாட்டில் வசந்தத்தை டப்பாவில் அடைத்துக் கையில் கொடுத்த கதை இது.

செம்பனைத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் இந்த வேலையைக் குறிப்பிடாமல் இல்லை. குறிப்பிடுகிறார்கள், ஆனால் எப்படி? ஒரு ஏக்கருக்கு எவ்வளவு செலவு, எத்தனை ஆள்கூலி, எத்தனை விழுக்காடு காய்ப்பு என்ற கணக்காக. ஊதியவரின் மூச்சு அந்தக் கணக்கில் ஒரு பத்தியாகக்கூட இல்லை.

வண்டு வந்தது, வேலை போனது

இந்த ஊதுகுழாயை ஓய்வுபெற வைத்தது ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டு. யூனிலிவர் நிறுவனத்தின் செம்பனைத் தோட்டங்களில் பொறுப்பிலிருந்த லெஸ்லி டேவிட்சன் ஆப்பிரிக்காவின் கேமரூனிலும் மலேசியாவிலும் வேலை பார்த்தவர். கேமரூனில் யாரும் ஊதாமலே குலை நிறைந்து காய்க்கிறதே, இங்கே மட்டும் ஏன் ஆள் போட்டு ஊத வேண்டும் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. காற்றுதான் வேலை செய்கிறது என்ற பழைய பாடத்தை அவர் நம்பவில்லை. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் 1970களின் இறுதியில் கேமரூன் போய்ப் பார்த்தார். ஆண் பாளையில் மொய்க்கும் ஒரு வகைக் கூன்வண்டுதான் உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு, சோம்பு வாசத்தைத் தேடிப் பெண் பாளைக்கும் போய் வருகிறது என்று கண்டுபிடித்தார்.

வெளிநாட்டுப் பூச்சியை ஒரு நாட்டுக்குள் விடுவது விளையாட்டல்ல. வேறு பயிரைத் தின்னுமா, நோயைக் கொண்டுவருமா என்று தனிமையில் வைத்துச் சோதித்தார்கள். 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங்கில் மாமோர் தோட்டத்தில் முதல் வண்டுகள் திறந்துவிடப்பட்டன. அதன்பின் அவை எவரையும் கேட்டுக்கொண்டு பரவவில்லை. குறுகிய காலத்திலேயே தீபகற்பம் முழுக்கத் தோட்டங்களில் வண்டு குடியேறியது. காய்ப்பு ஏறியது, பருப்பெண்ணெய் பெருகியது. பூ ஊதும் வேலைக்கு ஆள் தேவையில்லாமல் போனது.

இதை மலேசிய வேளாண்மையின் மாபெரும் வெற்றிகளில் ஒன்று என்று நூல்கள் கொண்டாடுகின்றன. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தோட்டத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு வகைக் கூலி வேலை ஓரிரண்டு ஆண்டுகளில் மறைந்தது. அதே நேரத்தில் ஒரு தூசியிலிருந்து தொழிலாளியின் மூக்கு தப்பியது. நல்வாழ்வுத் துறையும் தொழிற்சங்கமும் சேர்ந்து பெற்றுத்தந்த பாதுகாப்பல்ல இது. கேமரூனிலிருந்து வந்த வண்டு தெரியாமல் செய்த உபகாரம்!

செம்பனை மகரந்தம் உண்மையிலேயே ஒவ்வாமை தருமா என்ற ஆராய்ச்சி அதற்குப் பின்னர்தான் இந்த வட்டாரத்தில் சூடுபிடித்தது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 1990களில் அங்குள்ள காற்றைப் பிடித்துப் பார்த்தபோது, அதில் மிதந்த மகரந்தங்களில் செம்பனை மகரந்தம் முன்வரிசையில் நின்றது. பெரணியின் வித்துகளும் பூஞ்சை வித்துகளும் உடனிருந்தன. ஆஸ்துமாவும் மூக்கொழுக்கும் உள்ளவர்களின் தோலில் சோதித்தபோது கணிசமானவர்களுக்குச் செம்பனை மகரந்தம் தடிப்பை உண்டாக்கியது. இந்தியாவிலும் வங்காளப் பகுதியில் பனை, தென்னை, ஈச்சை மகரந்தங்களுக்கு இதே குணம் உண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அடுக்குமாடி வீட்டு நகரவாசிக்கு ஒவ்வாமை தந்த பொருள், அதை முகத்தருகே ஊதியவர்களை விட்டுவைத்திருக்குமா?

ஷீட்டுக்குப் பூஞ்சணம் ஆகாது

மகரந்தம் செம்பனையின் கதை என்றால், பூஞ்சணம் ரப்பரின் கதை. வடசிலாங்கூரில் செம்பனை கோலோச்சுவதற்கு முன்பு, 1960கள் வரைக்கும்கூட, ரப்பர்தான் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, ஷீட்டாகக் காயப்போடுவார்கள். இந்த ஈரக்காற்றில் வெறுமனே காயவைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். ஆகவே புகைக் கொட்டகையில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நான்கைந்து நாள் பழுக்கவைப்பார்கள். புகை ஷீட்டை உலர்த்தும், பூஞ்சணத்தையும் கொல்லும்.

லண்டன் சந்தைக்குப் போகும் ஷீட்டுக்குத் தரவரிசை உண்டு. முதல் தர ஷீட்டில் பூஞ்சணத்தின் சாயலே இருக்கக்கூடாது; கட்டின் மேலுறையில் இலேசாக இருந்தால் மன்னிப்பார்கள். தரம் ஒரு படி இறங்கினாலே விலை இறங்கும். அதனால் தோட்டத்தில் பூஞ்சணம் தேடும் கூர்மையான கண்கள் இருந்தன. ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் புள்ளியிருந்தால் ஒதுக்கிவைக்கத் தனி ஆளே உண்டு. ஆனால் அந்த ஆள் மாலையில் திரும்பிப் போகும் லயத்து வீட்டின் சுவரை யார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது? மழைக்காலத்தில் அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம், ஒழுகும் தகரம், அடுப்புப் புகை, அறைக்குள்ளேயே உலர்த்தும் துணி. பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல வீடு வேண்டுமா? புகைக் கொட்டகையில் விறகு தள்ளியவரின் நெஞ்சுக்கோ ஷீட்டுக்குக் கிடைத்த அதே புகைதான் கிடைத்தது.

தோட்ட முதலாளிகள் உடல்நலத்தையே கவனிக்கவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. மலேரியாவைக் கவனித்தார்கள். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இல் கிள்ளானுக்கு வந்து, வடிகால் வெட்டியே காய்ச்சலை விரட்டலாம் என்று காட்டினார். சிலாங்கூர் கரையோரத் தோட்டங்களில் மாண்டவர்களை எண்ணி, மண்ணீரல் வீங்கிய பிள்ளைகளை எண்ணி, 1911இல் நூலே எழுதினார். அவர் பணி மகத்தானது. ஆனால் மலேரியா ஏன் எண்ணப்பட்டது? கூலிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தால் தோட்டமே நின்றுவிடும். இழுப்பு அப்படிக் கொல்லவில்லை. ஆள் இளைத்து இளைத்தாவது வேலைக்கு வந்துவிடுவான். அதனால் அதை எண்ண யாருக்கும் அவசரமில்லை.

எஞ்சியது தோட்டத்து மருந்தகமும் டிரெசரும்தான். “டிரெசர் ஐயா, ராத்திரி பூரா புள்ளைக்கு இழுக்குதுங்க” என்று தாய் வந்து நின்றால், “தலைக்குத் தண்ணி ஊத்தாதம்மா, சூடா ஏதாச்சும் குடு” என்பதோடு ஒரு கலவை மருந்து கிடைக்கும். வீட்டிலோ தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதோடை, நொச்சி ஆவி. இவற்றை ஏளனமாகப் பேச வேண்டாம். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற இன்றைய மருந்து, ஆடாதோடையில் உள்ள ஒரு பொருளை மூலமாக வைத்துத்தான் உருவாக்கப்பட்டது. சட்டென்று மூச்சுக்குழாயைத் திறக்கும் சல்பூட்டமால் 1969இல்தான் சந்தைக்கே வந்தது. அதுவரை கற்பூரவல்லியைக் குறை சொல்ல டிரெசரிடமும் பெரிதாக ஒன்றுமில்லை.

ரப்பருக்கும் ஒரு பருவம் இருந்தது. ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்க்கும். அந்தத் துளிரில் வெண்ணிறப் பூஞ்சை படரும். படர்ந்தால் துளிர் உதிரும், பால் குறையும். ஆகவே பனி ஈரம் காயும் முன் விடியற்காலையில் கந்தகப் பொடியைத் தூவுவார்கள். இங்கும் மரத்தின் பூஞ்சைக்கு மருந்து இருந்தது. பொடி தூவியவர்களுக்கு மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி இருந்தது. அதையும் அவர்களே கொண்டுவர வேண்டும்.

அமெரிக்கத் தாதியர் தும்மியபோது

கணக்கு எப்போது திறக்கப்படுகிறது என்பதற்கு ரப்பர் பாலே நல்ல சான்று தருகிறது. 1980களில் எய்ட்ஸ் அச்சம் பரவி, மருத்துவமனைகளில் கையுறை கட்டாயமானது. மலேசியப் பாலில் செய்த கையுறைகள் கோடிக்கணக்கில் ஏற்றுமதியாயின. சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தாதியரும் மருத்துவர்களும் தும்மத் தொடங்கினர். தோல் தடித்தது, சிலருக்கு மூச்சுத் திணறியது, சிலர் உயிருக்கே ஆபத்தானது. பாலில் உள்ள புரதங்களே காரணம். கையுறை ஒட்டாமலிருக்கத் தூவிய சோளமாவு அந்தப் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறந்து மூக்கில் ஏறியது.

1991இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்ததும் மலேசியா சும்மா இருக்கவில்லை. இருக்கவும் முடியாது, பெரிய ஏற்றுமதி அல்லவா! ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்கள் பாலைப் பிரித்துப் பிரித்து எந்தப் புரதம் ஒவ்வாமை தருகிறது என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். புரதத்தைக் கழுவிக் குறைக்கும் முறைகள் வந்தன. மலேசியக் கையுறைக்குத் தரக் குறியீடு வந்தது. 2017 ஜனவரியில் மாவு பூசிய கையுறைகளை அமெரிக்கா தடையே செய்தது. வாங்குபவரின் மூக்கு தும்மியதால் சுமார் கால் நூற்றாண்டில் இத்தனையும் நடந்தது. அதே பாலை நூறாண்டுகளாகக் கையில், துணியில், காண்டா வாளியில் தாங்கி வந்தவர்களை வைத்து இப்படியொரு ஆராய்ச்சி முன்னதாகவே தொடங்கியிருந்தால் எத்தனை தாதியர் தப்பியிருப்பார்கள் என்ற கேள்வி எழாமல் இல்லை.

தோட்டத்தில் கேட்டுப் பார்த்தால் பதில் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2002இல் தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் பூச்சிக்கொல்லி தெளிக்கும் பெண்களை நேரில் சந்தித்து, அவர்கள் உடம்பில் படும் பாட்டைப் பதிவு செய்து நூலாக வெளியிட்டது. பூ ஊதியவர்களை அவர்கள் வேலையிலிருந்த காலத்திலேயே அப்படி யாராவது வரிசையாக உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம்.

மெத்தைக்குள் இருக்கும் விருந்தாளி

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் ஒவ்வாமையால் மூச்சு இழுப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதல் குற்றவாளி மகரந்தமும் அல்ல, பூஞ்சணமும் அல்ல. மெத்தை, தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணி. வீட்டுத் தூசியின் தீங்குக்கு இந்த உண்ணியே காரணம் என்று 1964இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஈரமும் வெப்பமும் உள்ள நாட்டில் அதற்குப் பருவமே தேவையில்லை. இலவம் பஞ்சு மெத்தை ஒன்று போதும். மகரந்தமும் பூஞ்சணமும் புகையும் ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழாயின் மேல் விழும் அடிகள்.

1990களில் உலகெங்கும் பிள்ளைகளின் ஆஸ்துமாவைக் கணக்கெடுத்த மாபெரும் ஆய்வில் மலேசியாவிலிருந்து அலோர் ஸ்டார், கோத்தா பாரு, கிள்ளான் பள்ளத்தாக்கு என்று மூன்று மையங்கள் இருந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து கோலசிலாங்கூருக்கு ஒரு மணி நேரப் பயணம்தான்.

2005 ஆகஸ்ட் 11

எண்ணப்படாமலே இருந்த இந்த வட்டாரத்துக் காற்று ஒரு நாள் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2005 ஆகஸ்ட் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று, மலாக்கா நீரிணையின் அக்கரையில் சுமத்ராவின் ரியாவ் பகுதியில் எரிந்த காட்டுத்தீயின் புகையை நேராகச் சிலாங்கூர்க் கரைக்குக் கொண்டுவந்தது. பகலிலேயே வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. புக்கிட் மெலாவத்திக் குன்றில் ஏறி நின்றால் கடல் தெரியவில்லை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது ஐ.பி.யு., 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது விதி. கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அது 500ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 11, வியாழக்கிழமை, இரு வட்டாரங்களிலும் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. சாப்பாட்டுச் சாமான் கடைகள் திறந்திருந்தன. காற்று திசை மாறியதும் 13ஆம் தேதி அவசரநிலை நீக்கப்பட்டது.

ஆனால் அந்த வாரத்தில் நடந்த இன்னொன்றுதான் வரலாற்றில் பெரிது. 1990களின் இறுதியிலிருந்து ஐ.பி.யு. எண்களை அரசாங்கம் பொதுமக்களுக்கு வெளியிடாமல் வைத்திருந்தது. சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2005 ஆகஸ்டில் அந்தத் திரை விலக்கப்பட்டது. தன் பிள்ளை சுவாசிக்கும் காற்றுக்கு ஓர் எண் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற நிலை தோட்டத்துத் தாய்க்கும் அப்போதுதான் வந்தது. “குளிர்ந்த உடம்பு” என்று பிள்ளையின் மேல் பழி போட்ட காலம் போய், காற்றைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்ற காலம்.

எல்லாப் பழியையும் அக்கரையின் மேல் போட்டுவிடவும் முடியாது. வடசிலாங்கூரின் கரி மண் சதுப்புக் காட்டில், ராஜா மூசா வனக் காப்பகத்தில், வடிகால் வெட்டி நீரை இறக்கிய இடங்கள் வறட்சியில் பற்றிக்கொண்டு மண்ணுக்கடியிலேயே நாள்கணக்கில் புகைந்திருக்கின்றன. அதை அணைக்க நீரைத் தேக்குவதுதான் வழி என்று 2008 முதல் வனத்துறையும் தன்னார்வலர்களும் கால்வாய்களை அடைத்து மரம் நட்டு வருகிறார்கள். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிப்பது தனிக் கதை. எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. புகை புறப்படும் நாடான இந்தோனேசியா அதை உறுதிப்படுத்தியது 2014இல். இடையில் 2013 ஜூனில் ஜொகூரின் மூவார், லேடாங் வட்டாரங்கள் கோலசிலாங்கூர் பட்ட பாட்டைப் பட்டன.

2005இல் ஐ.பி.யு. எண்ணிய தூசு 10 மைக்ரானுக்கு உட்பட்டது. 2018இலிருந்து 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட, நுரையீரலின் அடிவரை இறங்கும் நுண்தூசும் கணக்கில் சேர்க்கப்பட்டது. புகையைப் பிடிக்க இது மிகச் சரியான அளவு. செம்பனை மகரந்தத்தின் ஒரு மணி சுமார் 30 மைக்ரான் பருமன் உள்ளது. அந்தக் கருவியின் வாயில் அது நுழைவதில்லை.